அத்தான் ஓட்டவில்லை, தள்ளினார்

ஆண், பெண், கிழவர், குழந்தை, பாதிரியார், நீதிபதி என்று ஒருவர் பாக்கியில்லாமல் புதுச்சேரியில் அத்தனை பேருக்கும் அத்தானாக இருந்த மனிதர் ஒருவர்தான். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் என்ன என்று கேட்டால் அவர் மனைவி மதலேனுக்கே சட்டென்று வாயில் வராது. நெற்றியைச் சொறிந்துவிட்டு, "கோயில் ரெஜிஸ்தர்ல பாக்கணும்" என்பாள்.

இது உறவில் வந்த பெயர் அல்ல, தொழிலில் வந்தது. அவர் புஸ்புஸ் வண்டி தள்ளுகிறவர். இந்தத் தலைமுறை அந்த வண்டியைப் பார்த்திருக்காது என்பதால் சொல்லிவிடுகிறேன். மூன்று சக்கரத்தின் மேல் ஒரு நாற்காலி. முன் சக்கரத்திலிருந்து ஒரு நீளக் கம்பி நாற்காலி வரைக்கும் வரும். சவாரிக்கு உட்காருகிறவர் அந்தக் கம்பியின் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைத் திருப்ப வேண்டும். பின்னால் நின்று ஒருவர் தள்ளுவார். எங்கே போவது என்பது உட்கார்ந்தவர் பாடு, போவது என்பது நிற்பவர் பாடு. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது சவாரிக்காரனிடமே வண்டியைத் திருப்பும் வேலையைக் கொடுத்துவிட்டுக் கூலியும் வாங்குவார்களா என்று எனக்குத் தெரியாது.

எங்கள் மனிதர் பனைமரத்துக்கு அண்ணன் மாதிரி உயரம். கைகள் முழங்காலைத் தொடும். நாற்காலிக்கு மேலாகத் தலையை நீட்டி, எதிரே யாராவது வந்தால் வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த சொல்லைச் சொல்லிக் கத்துவார்: "அத்தான்சியோன்!" பிரெஞ்சில் கவனம் என்று பொருள். தள்ளுகிற மூச்சில் 'சியோன்' கரைந்துபோய், ஊர் காதில் விழுவது "அத்தா...ன்!" மட்டும்தான்.

உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் நின்றுவிடுவார்கள். விழுப்புரத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு வெங்காயம் கொண்டுவந்த வியாபாரி ஒருவர் நடுத்தெருவில் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "யோவ், நான் எப்பய்யா ஒங்கக்காவ கட்னேன்?" என்று கேட்டார். அத்தான் வண்டியை நிறுத்தாமலே, "கட்லன்னா ஒதுங்கு" என்றார்.

மனிதருக்குக் குடி உண்டு. மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை, இரண்டுக்கும் நடுவில் தாகம் எடுத்தால் ஒரு தடவை. நான் அப்போது சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. பிரெஞ்சில் வருவதைத் தமிழாக்குவது என் வேலை. என் ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில்தான் அவர் வண்டி நிற்கும். பிரெஞ்சு வழக்கப்படி என்னை முசே, அதாவது ஐயா, என்பார். ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன், "ஏன் அத்தான், இப்படிக் குடிச்சிட்டு வண்டியோட வர்றீங்களே, பயமா இல்ல?"

"நான் ஏன் பயப்படணும் முசே? நான் தள்றவன். ஓட்றவரு புடிய வச்சிருக்கறவரு. தெளிவா இருக்க வேண்டியது யாரு?"

நான் காகிதத்தின் பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

"வூட்லயும் அதே கததான். புடி மதலேன் கையில. நான் தள்றேன். இருவது வருசமா எங்கயும் முட்டல."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வெளியே வந்தாரென்றால், ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம் நாற்பது நாளும் ஒரு சொட்டுத் தொடமாட்டார். யார் ஊற்றிக் கொடுத்தாலும் சரி, தலைகீழாய் நின்றாலும் சரி. அந்த நாட்களில் அவர் முகம் காய்ந்த கருவாடுபோல் இருக்கும், வாயைத் திறந்தால் வள்ளென்று விழுவார். "இவரு குடிச்சாதான்யா வண்டி நல்லா போவுது" என்று சவாரிக்காரர்களே குறைப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் பங்குச் சாமியார் ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு பிரசங்கத்தில், "நம்ம அத்தானே தொடாம இருக்காரு, ஒங்களுக்கெல்லாம் என்ன கேடு?" என்று கேட்பார். அப்போது பார்க்க வேண்டும் அவரை. கடைசி வரிசையில் நிற்கிற ஆறடி மனிதர் ஏழடி ஆகிவிடுவார். வருஷம் முழுக்க ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர் அவரைத் திரும்பிப் பார்க்கும்.

இதற்கிடையில் ஊர் கை மாறியது. வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர்கள் நிர்வாகம் வந்தது. ஓரிரண்டு வருஷத்தில் புது விதிகளும் ஒவ்வொன்றாக வந்தன. அதில் ஒன்றுதான் ஊரையே கலக்கியது: குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. முன்பெல்லாம் யாரையாவது மோதினால்தான் கேள்வி வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இனி மோதினாலும் குற்றம், மோதாவிட்டாலும் குற்றம். வண்டியின் எண் தகட்டைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஆடிப்போனார்கள். பக்கத்தில் சென்னை ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு, இங்கே தெருவுக்குத் தெரு கடை. கடையைத் திறந்து வைத்துவிட்டுக் குடிக்காதே என்றால் எப்படி என்று லாரிக்காரர்கள் நியாயம் பேசினார்கள். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "ஐயா, நான் வண்டியில படுத்துத் தூங்கிருவேன். மாடு தானா வூட்டுக்குப் போயிரும். குடிச்சது நான், ஓட்றது மாடு. யார் மேல கேசு?" என்று கேட்டார். மனு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆணைகள் அப்போதும் பிரெஞ்சில்தான் வந்தன. அந்த ஆணையைத் தமிழாக்குகிற பொறுப்பு என் மேஜைக்கு வந்தது. ஆணையை எங்கள் ஊரில் அரெத்தே என்போம். அதில் 'கொந்துக்தேர்' என்று ஒரு சொல். வண்டியை நடத்துபவர் என்று எடுக்கலாம், செலுத்துபவர் என்றும் எடுக்கலாம். புஸ்புஸ் வண்டிக்கு வந்தால் அது யார்? தள்ளுகிறவரா, திருப்புகிறவரா? பேனாவைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூவரச மரத்தடியில் அத்தான் மத்தியானச் சரக்கின் சுகத்தில் கண்ணை மூடி, சக்கரத்துக்கு ஏதோ புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். தள்ளுகிறவர் என்று எழுதினால் இந்த மனிதர் ஒரு வாரம் தாங்கமாட்டார். ஐயோ பாவம் என்றிருந்தது.

பிரெஞ்சில் இல்லாத ஒரு வரியைத் தமிழில் நானே சேர்த்தேன்: 'வண்டியின் திசையைத் திருப்பும் பிடியைக் கையில் வைத்திருப்பவரே அவ்வண்டியை ஓட்டுபவர் ஆவார்.' பிரான்சுக்குக் கப்பலேற மூட்டை கட்டிக்கொண்டிருந்த என் மேலதிகாரிக்குத் தமிழ் படிக்க வராது. கையெழுத்துப் போட்டுவிட்டார். அச்சாகிவிட்டது. பெரிய மார்க்கெட் முனையில் ஆளுயரப் பலகை ஒன்றில் எழுதி நட்டும் வைத்துவிட்டார்கள்.

அத்தானைப் பலகைக்கு முன்னால் நிறுத்திப் படித்துக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. "முசே, இத்தினி நாளா நான் சொன்னத சர்க்காரு இப்பதான் ஒத்துகிச்சி" என்றார்.

இந்த விதியை அமல்படுத்த வெளியூரிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். முறுக்கு மீசை, எந்நேரமும் மூக்குப்பொடி. வந்த இரண்டாம் நாளே அவருக்கும் அத்தானுக்கும் பகை மூண்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் மனைவியோடு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "அத்தா...ன்!" என்று ஒரு குரல் கேட்டிருக்கிறது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்திருக்கிறார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து வருகிற ஒரு நெட்டை ஆசாமி மறுபடியும் "அத்தா...ன்!" என்றிருக்கிறார்.

"யாருங்க இது? எனக்குத் தெரியாம ஒங்களுக்கு இங்க ஒரு மச்சினன் இருக்கானா?"

அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

இனி என் கதை. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் பாக்கி. அதற்குள் ஒரு போலீஸ் வழக்கில் தண்டனை விழுந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். வீட்டில் என் சம்பளத்தை நம்பி ஐந்து பேர் என்பது அத்தானுக்கும் தெரியும். இவ்வளவும் தெரிந்தவன்தான், மேலதிகாரியின் பிரிவு உபசார விருந்துக்குப் போனேன். நடுப்பகல் விருந்து. அவர் தன் கையாலேயே ஒயினை ஊற்றி நீட்டினார். போகிற மனிதர், வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று ஒன்று வாங்கினேன். இரண்டாவது, முதலாவதுக்குத் துணையாகப் போனது. மூன்றாவது எப்படிப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தால் அத்தான் வண்டி. தவக்காலத்தில் முப்பத்தோராம் நாள். கருவாட்டு முகத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முசே... நீங்களா? ஒங்க வூட்ல இஞ்சி மொறப்பா காரத்துக்கே யோசிப்பாங்களே, நீங்க போயி சரக்க தொட்டீங்களா?"

"சாரம் பேட்டைக்கு விடுங்க அத்தான். வீட்டுக்குப் போகணும்."

"நடந்து வாங்க, கைத்தாங்கலா கூட்டிகினு போறேன். வண்டி வேணாம். புடிய தொடாதீங்க."

"தொடுவேன்! ஓட்டுபவர் நான். சட்டம் அப்படித்தான் சொல்லுது. எழுதினவன் எனக்குத் தெரியாதா?"

ஏறி உட்கார்ந்து பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அவரும் மெதுவாகத் தள்ளினார். ஆனால் எனக்கு அது ரயில் வேகமாகத் தெரிந்தது. "அத்தான்சியோன்!" என்று நானே கத்திக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து, "இடது பக்கம் முசே... ஐயோ, அது சோத்துக் கை... மாதாவே!" என்று குரல் வந்தபடி இருந்தது. பெரிய மார்க்கெட் முனை வந்தது. பலகையும் வந்தது. நான் ஒதுங்கினேன், அது ஒதுங்கவில்லை.

கண் விழித்தபோது பலகை மல்லாந்து கிடந்தது, அதன் மேல் நான் குப்புறக் கிடந்தேன். எழுத்துக்கெல்லாம் அன்று காலையில்தான் மறுபடி பெயின்ட் பூசியிருந்தார்கள். எழுந்து நின்றபோது என் வெள்ளைச் சட்டையில் 'குடித்துவிட்டு' என்ற சொல் மட்டும் இடம்வலம் மாறிக் கண்ணாடியில் தெரிவதுபோல் பதிந்திருந்தது. மீன்காரிகள் கூடிவிட்டார்கள். எதிரே இன்ஸ்பெக்டர்.

"யார்யா ஓட்டுனது?" என்றவர் அத்தானைப் பார்த்ததும் மலர்ந்துபோனார். "வாய்யா மச்சான்! சிக்குனியா?" என்று கிட்டே வந்து மோந்து பார்த்தார். பொடி போட்டுப் போட்டு அந்த மூக்கு பாதி செத்துப்போய் எத்தனை வருஷமோ. சாராய வாசனை அடிக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது, இரண்டு பேரில் யாரிடமிருந்து என்று தெரியவில்லை. குனிந்து பலகையைப் படித்தார். நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். முறிந்த பிடி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"ரெண்டு பேர் மேலயும் எழுதுறேன். யார் ஓட்டுனது, யார் குடிச்சதுன்னு கோர்ட்டு சொல்லட்டும்" என்றார்.

கோர்ட்டுக்குப் போகிற வரைக்கும் நாலு நாளும் என் அரெத்தேயையே எடுத்து எடுத்துப் படித்தேன். என் தமிழ், என் அச்சு, என் கையில் பிடி. தன் வினை தன்னைச் சுடும் என்பதை இவ்வளவு அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நீதிபதி உள்ளூர்க்காரர். இருபது வருஷமாக அத்தானின் வண்டியில் போனவர், அதே கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர். மதலேன் மீன் கூடையோடு வராந்தாவில் நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டர் என் அரெத்தேயை உரக்கப் படித்தார். நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"முசே, புடி ஒங்க கையில இருந்துதா? குடிச்சிருந்தீங்களா?"

ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால் பொய். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சொல் இருக்கிறதா என்று இரண்டு மொழியிலும் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஐயா" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அவர ஏன் கேக்கறீங்க? ஓட்டுனது நான். குடிச்சதும் நான்."

இன்ஸ்பெக்டர் துள்ளினார். "எப்படிய்யா? நீ பின்னால நின்ன, புடி முன்னால இருந்துது!"

"என் கை நீளங்கய்யா" என்றார் அத்தான். நம்பவில்லையா என்பதுபோல் கோர்ட்டு குமாஸ்தாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே உருவி எடுத்துக் காட்டினார். கோர்ட்டு சிரித்தது. குமாஸ்தாகூடச் சிரித்தார்.

நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இது தவக்காலம், அத்தான்."

"தெரியுங்கய்யா."

"நாப்பது நாளு நீ தொடமாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

அத்தான் தரையைப் பார்த்தார். "இந்த வருசம் தொட்டுட்டேங்கய்யா" என்றார்.

வராந்தாவில் மீன் கூடை கீழே விழுந்த சத்தம் கேட்டது. நீதிபதி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரிந்துவிட்டது. "முசே, நீங்க ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ சொற்களைத் தப்பாக மொழிபெயர்த்திருக்கிறேன். எதற்கும் வெட்கப்பட்டதில்லை. அந்த ஒரு 'இல்ல'வை நினைத்தால் இன்றைக்கும் காது எரிகிறது.

ஈஸ்டர் வரைக்கும் தகட்டைப் பிடித்து வைக்கும்படி தீர்ப்பாயிற்று. என்னை விட்டுவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு கழிந்து மறுநாள் மதலேனைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனேன். வஞ்சிர மீனை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். ஒரு துண்டு செதில் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"வாங்க முசே. வேல இருக்குதா?"

"இருக்கு அக்கா."

"இருக்கட்டும். வேல போனா ஒங்களுக்கு வேற வேல கெடைக்கும், நாலு பாச படிச்சவரு. அந்தாளுக்கு அந்த நாப்பது நாள வுட்டா என்னா இருக்குது? நேத்து பூசையில சாமியாரு அவரு பேர சொல்லல. பொம்பளைங்க எல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கறாளுவோ. இந்தாளு தூணுக்குப் பின்னால போயி நின்னுகிட்டாரு. அந்த ஒசரத்துக்கு எந்தத் தூணு மறைக்கும், சொல்லுங்க?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். செதிலைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக எங்கள் சாரத்திலேயே இருந்த அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் உட்கார்ந்து சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் போய் நீதிபதிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. கோர்ட்டுல பொய் சொன்னான்னு என்னைய உள்ள தள்ளுவாங்க, ஒங்களுக்கு வேலையும் போவும். ரெண்டு குடும்பமும் ஒண்ணா சேந்து மீன் விக்கலாம். மதலேனுக்கு ஒத்தாசையா இருக்கும்."

"அப்ப சாமியாரு கிட்டயாவது..."

"சாமியாரு கெடக்கறாரு. சாமிக்குத் தெரியும். அன்னைக்கு அவரும் என் கூடத்தான் நடந்து வந்தாரு. வண்டியில எங்க எடமிருந்துது, நீங்கதான் பரப்பிகினு உக்காந்திருந்தீங்களே?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மறுபடியும் சக்கரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈஸ்டர் அன்று தகடு வந்தது, சரக்கும் வந்தது, "அத்தா...ன்!" என்ற குரல் மறுபடியும் தெருவில் கேட்டது. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் அவர் நாற்பது நாளும் விரதம் இருந்தார், ஒரு சொட்டுத் தொடவில்லை. ஆனாலும் விபூதிப் புதன் வந்துவிட்டால் பூவரச மரத்தடியில் எவனாவது ஒருத்தன், "என்னா அத்தான், இந்த வருசமாச்சும் முழுசா தாங்குமா?" என்று கேட்பான். அவர் பல்லைக் காட்டிச் சிரிப்பார். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

அவரும் போய்ச் சேர்ந்தார், மதலேனும் போய்ச் சேர்ந்தாள். நான் மட்டும் மாதா மாதம் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தினாலும் நிறுத்தட்டும். அந்த வருஷம் தவக்காலம் முப்பத்தோராம் நாள் குடித்தவன் நான், ஓட்டியவன் நான். அவர் தொடவில்லை. அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள்.

கேட்டபோது சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமல் போய்விட்டது. மன்னிச்சிருங்க அத்தான்.